பள்ளி மூடியிருக்கும் காலத்தில் ஊராரின் பொறுப்பு

(ஊராட்சி உறுப்பினர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாக இம்மண்டபத்தில் கூடுகிறோம். இன்று நான் பள்ளியைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். பாடம் நடத்துவது ஆசிரியர் தொழில். அதில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். ஆனால் 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்று பெயர்ப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோமே, அந்த ஒன்றியம் நாம்தான். கட்டடமும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் இன்றும் நம் கணக்கில்தான் இருக்கின்றன. அன்றியும், நான் பேசப்போவது பாடத்தைப் பற்றியதன்று. பள்ளி மூடியிருக்க, பாடம் மட்டும் தொலைவிலிருந்து வந்துகொண்டிருக்கும் நாள்களில், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டு வாழ்வு என்னவாகிறது? அப்போது அவர்களிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது? இதைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

கொரோனாக் காலம் கடந்துபோயிற்றே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடும் நமக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் முதலில் மூடப்படுவது பள்ளி; நிவாரண முகாமாக மாறுவதும் பள்ளிதான். ஆதலின் பள்ளி மூடுவது முடிந்துபோன கதையன்று. அடுத்த முறை அது பத்து நாளாக இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம். அதற்குள் நாம் செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முன்னர் நடந்ததைச் சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மாத இறுதிவரை விடுமுறை என்றுதான் அன்று அறிவிக்கப்பட்டது. மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அதன்பின் பெரிய வகுப்புகள் இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கோ 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலம் பத்தொன்பது மாதங்களுக்கு மேல். நாள் கணக்கில் 594 நாள். மூடிய அன்று ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, திறந்த அன்று எட்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. ஏழாம் வகுப்பு என்ற ஓராண்டை அப்பிள்ளை வகுப்பறையில் ஒரு நாள்கூடக் கண்டதில்லை.

நெல்லுக்கு நாற்று வயது ஒன்று உண்டென்பது உங்களுக்குத் தெரியாததன்று. மத்திய கால இரகமானால் 25 முதல் 30 நாளுக்குள் பறித்து நட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்று நாற்றங்காலிலேயே விட்டுவிட்டால் நாற்று செத்துப்போவதில்லை, பச்சையாகத்தான் நிற்கிறது. நட்ட பிறகுதான் தெரிகிறது, தூர் கட்டவில்லையென்று. பதினோரு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பருவம் அத்தகையது. அவ்வயதில் பிள்ளை தாய் தந்தையரிடமிருந்து கற்பதைக் காட்டிலும் தன்னையொத்த பிள்ளைகளிடமிருந்து கற்பது மிகுதி. யாருடன் சேர்வது, எப்படிச் சண்டையிட்டுச் சமாதானம் ஆவது, தெரியாததைத் தெரியாது என்று நாணாமல் கேட்பது எப்படி என்பவையெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவை வகுப்பறையிலும் சத்துணவு வரிசையிலும் விளையாட்டுத் திடலிலும் கிடைப்பவை.

அந்நாள்களில் பாடத்துக்குப் பெரிய குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பிற்று. விலையில்லாப் பாடநூல்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. ஆசிரியர்கள் வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழு அமைத்துப் பாடங்களை அனுப்பினார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளைத் திரைமுன் நெடுநேரம் உட்கார்த்தி வைக்கலாகாதென்று நடுவண் அரசு 2020 ஜூலையில் 'பிரக்யாதா' என்னும் நெறிமுறையை வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை, 30 முதல் 45 நிமிட நேரமுள்ள அமர்வுகள் நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் கூடாதென்று அது கூறிற்று. எல்லாம் முறையாகவே இருந்தன. ஆனால் பாடம் வந்த வழியில் பள்ளி வரவில்லை. மணி அடிக்கவில்லை. பெயரைக் கூப்பிட, 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்க இடமில்லை. நேற்று ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை.

நான் எழுதிய கணக்கு

அப்போது நான் காவிரிக் கடைமடையில் வேறோர் ஒன்றியத்தில் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்தேன். என் பங்கில் நேர்ந்த தவற்றை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. எந்தெந்த வீட்டில் தொலைக்காட்சி உண்டு, எந்தெந்த வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு என்று ஊர் வாரியாக ஒரு கணக்கு எடுத்தோம். படிவத்தில் மூன்று கலங்கள்: பிள்ளையின் பெயர், தொலைக்காட்சி, போன். பெரும்பாலான வீடுகளுக்கு 'உண்டு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பொய்க் கணக்கன்று, போன் இருந்தது மெய்தான். ஆனால் அது காலை ஐந்து மணிக்கே தகப்பனாரின் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது அதில் மின்னூட்டம் இராது. மின்னூட்டம் இருந்தால் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். இரண்டும் இருந்தால் அண்ணனும் தங்கையும் அதற்கு அடித்துக்கொள்வார்கள்.

இது என் ஒன்றியத்துக்கு மட்டும் உரிய கதையன்று என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். பிரதம் அமைப்பு 2021-இல் நாட்டின் ஊரகப் பகுதிகளில் நடத்திய 'ஏசர்' கணக்கெடுப்பின்படி, பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு மேல் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அவ்வாறு போன் இருந்த வீட்டுப் பிள்ளைகளுள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு அது படிப்புக்குக் கைக்கு எட்டவே இல்லை. வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் இருப்பது வேறு. இதை நான் படிவத்திலிருந்து கற்கவில்லை. ஒரு தலைமையாசிரியையிடமிருந்து கற்றேன். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பால் சங்கத்தில் நடந்த வகுப்பு

அவ்வொன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியை ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டுகளே இருந்தவர். மற்ற பள்ளிகளைப் போலவே அவரும் முதலில் வாட்ஸ்அப் குழுவைத்தான் நம்பினார். நாலைந்து வாரம் சென்றதும் ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனுப்பிய வீட்டுப்பாடப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். 'வேளாண்மை' என்ற சொல்லை ஒருவன் 'வேளான்மை' என்று எழுதியிருந்தான். அடுத்து வந்த பதினொரு படங்களிலும் அதே 'வேளான்மை'! நோட்டு ஒன்று, அதைப் பார்த்து எழுதிய கைகள் பதினொன்று. "இத்தனை பேர் ஒரே பிழையைச் செய்வதற்கு நான் எதற்கு?" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். அச்சிரிப்பில் வருத்தம் இருந்தது.

ஊர் முழுவதும் அடங்கிக் கிடந்தபோதும் பால் கூட்டுறவுச் சங்கம் மட்டும் காலையும் மாலையும் தவறாமல் திறந்திருந்தது. பால் கறவை நிற்காதல்லவா! இடைவெளி விட்டுக் கோடு கிழித்து, முகக்கவசம் அணிந்து பால் ஊற்றிச் சென்றார்கள். பல வீடுகளில் தூக்குவாளியுடன் வந்தவர்கள் பிள்ளைகளே. அம்மையார் சங்கத்தின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினார். ஒவ்வொரு மாலையும் அதில் ஆறு, ஏழு, எட்டு என மூன்று வகுப்புக்கும் ஒவ்வொரு கேள்வி. மறுநாள் மாலைக்குள் விடையை ஒரு தாளில் தன் கைப்பட எழுதி, அங்கே வைத்திருந்த தகரப் பெட்டியில் போட வேண்டும். பால் கணக்கு எழுதும் சங்கச் செயலாளர், பாலின் அளவைக் குறிக்கும்போதே, தாள் போட்ட பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். வாரத்தில் மூன்று நாள் ஆசிரியர்கள் வந்து பெட்டியைத் திறந்து, திருத்தி, திருப்பி வைப்பார்கள்.

கேள்விகள் ஊரைப் பற்றியவை. உங்கள் வீட்டில் ஊற்றிய பால் எத்தனை லிட்டர், கொழுப்பு எத்தனை விழுக்காடு, இந்த வாரம் வர வேண்டிய தொகை என்ன? தெருமுனைக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, ஒரு மாதத்தில் எத்தனை அடி இறங்கிற்று? பாட்டியிடம் கேட்டு, இப்போது பயிரிடாத நெல் வகைகள் இரண்டின் பெயரை எழுதுக. பார்த்து எழுதுவதற்கு இங்கே வழியில்லை. ஏனென்றால் வீட்டுக்கு வீடு விடை வேறு. இரண்டு பிள்ளைகள் கிணற்று ஆழத்தை இரண்டு விதமாக எழுதி, யார் சரியென்று வாதாடி, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி மீண்டும் அளந்தார்கள் என்று செயலாளர் எனக்குச் சொன்னார். போனில் நடக்காத வகுப்பு அந்தக் கிணற்றடியில் நடந்தது என்றே நான் கருதுகிறேன்.

பெட்டியைச் சுற்றி வேறு சில பொறுப்புகளும் முளைத்தன. பலகையைத் துடைக்க ஒருவன், தாள் போடாத தோழியின் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஒருத்தி, பள்ளித் தோட்டத்து முருங்கைக்கும் வாழைக்கும் தண்ணீர் ஊற்ற நாளுக்கு இருவர். வகுப்புத் தலைவனும் இலைக்காய்கறித் தலைவியும் பள்ளி மூடியதாலேயே பதவி இழக்க வேண்டியதில்லை என்பது அம்மையாரின் கட்சி. ஊராட்சிப் பதவியில் இருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும்!

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதை எங்களில் யாரும் முதலில் காணவில்லை. மாடு இருக்கும் வீட்டுப் பிள்ளைதான் பால் சங்கத்துக்கு வரும். நிலமும் இன்றி மாடும் இன்றிக் கூலிக்குப் போகும் குடும்பங்கள் இருந்த தெரு, சங்கத்திலிருந்து ஒரு மைல். அங்கிருந்து தாள் வரவில்லை. சில மாதங்கள் சென்றபின் அம்மையார் அதை உணர்ந்து, அந்நாளில் நடந்துவந்த நூறு நாள் வேலைத் தளத்துக்கே கேள்வித் தாளைக் கொண்டுபோனார். தாய்மார்கள் வாங்கிச் சென்று மறுநாள் விடையைக் கொண்டுவந்தார்கள். பல பிள்ளைகள் மீண்டும் சேர்ந்தார்கள். ஒருவன் சேரவில்லை.

2021 நவம்பரில் பள்ளி திறந்த வாரத்தில் நான் அங்கே சென்றேன். எட்டாம் வகுப்பில் மூன்று பேர் உட்காரும் பலகையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இடம் விட்டிருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன். அவனுக்கு என்று ஒரு பெயரைச் சொன்னார்கள். குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்து, ஆட்டுக் கிடைக்காரர் ஒருவர் அவனை அழைத்துச் சென்றிருந்தார். கிடை ஊர் ஊராகப் போகும். பையன் பகலில் மேய்த்து இரவில் வயலிலேயே படுப்பான். நான் என் பழைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேரே 'போன்: உண்டு' என்று இருந்தது. அம்மையார் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, போன் இருக்கிறது என்று எழுதிக்கொண்டீர்கள், பையன் இருக்கிறானா என்று யாரும் எழுதவில்லையே" என்றார்.

அவனை மீட்டுக் கொண்டுவந்தோம். 1098 என்னும் எண்ணுக்குச் சொல்லி, மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து, டிசம்பரில் அவன் பள்ளிக்கு வந்தான். ஆறாம் வகுப்பை முடிக்குமுன் போனவன், எட்டாம் வகுப்புப் பாடத்தின் முன் உட்கார்ந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது. தோழர்கள் கேலி செய்யவில்லை. ஆனாலும் அவன் நாணினான். அரையாண்டு விடுமுறை வந்தது. 2022 சனவரியில் நோய் மீண்டும் பரவவே பள்ளிகள் திரும்பவும் மூடப்பட்டன. அப்போது அம்மையார் என்னிடம் ஒன்று கேட்டார். அத்தெருவிலுள்ள சமுதாயக் கூடத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால், ஐந்தாறு பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார்த்தி, அங்கேயே படித்த ஒரு பெண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2021 அக்டோபர் 27-இல், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டிருந்தது. இத்தெருவுக்கு இன்னும் தன்னார்வலர் அமையவில்லை. நான் "பார்க்கலாம்" என்றேன். அந்தக் கூடத்தில் வீடு கட்டும் திட்டத்துச் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். மழைச் சேதக் கணக்கு என் மேசையில் மலையாக இருந்தது. மூட்டைகளை எடுக்க இரண்டு நாள் வேலை. அதை நான் செய்யவில்லை.

பிப்ரவரி 1-ஆம் நாள் பள்ளி திறந்தது. அந்தப் பலகையில் மறுபடியும் இருவர். இம்முறை நடுவில் இடம் விடவில்லை.

எதை எதிர்பார்க்கலாம்?

பள்ளி மூடியிருக்கும்போது பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்க வேண்டுவது மிகச் சிறிது. அந்தச் சிறிதை ஒரு நாளும் விடலாகாது. நாளுக்கொரு முறை ஒரு பெரியவர் முன்னிலையில் தன் வருகையைச் சொல்ல வேண்டும். நாளுக்கொரு பக்கம் தன் கையால் எழுத வேண்டும். அதை யாரேனும் படித்துத் திருத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்தாத வீட்டுப்பாடத்தை எத்தனை நாள் ஒரு பிள்ளை எழுதும்? நானும் பட்டப்படிப்பு வரை படித்தவன்; திருத்தாத நோட்டில் என்ன எழுதுவேன் என்பது எனக்குத் தெரியும்.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உள. ஓரறை வீட்டில், அடுப்பு எரியும் இடத்திலிருந்து, திரையில் முகத்தைக் காட்டு என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாகாது. பன்னிரண்டு வயதில் தன் வீட்டின் வறுமையை வகுப்பு முழுவதும் பார்ப்பதைவிட, வகுப்பையே விட்டுவிடலாம் என்று பிள்ளைக்குத் தோன்றும். எல்லாரும் காலை பத்து மணிக்கே வர வேண்டும் என்பதும் நடவு, அறுவடை நாள்களில் நடவாது. நேரத்தை ஊர்தான் குறிக்க வேண்டும். போனில் வந்ததை அச்சிட்டுக் கொண்டுவா என்பது, ஒரு தாளுக்காகப் பத்து மைல் பயணம் போ என்பதற்குச் சமம்.

வயல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி நேரம் போக மிஞ்சிய வேளையில் சொந்தக் குடும்பத்துக்கு உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை, அது நல்லதும்கூட. ஆனால் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைப் பிறரிடம் வேலைக்கு விடுவது 2016-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி குற்றம். பள்ளி மூடியிருப்பதனால் அச்சட்டம் மூடிவிடுவதில்லை. நம் ஊரில் கிடை போட வருகிறவரிடம் எரு விலையைப் பேசுகிறோம். ஆடு ஓட்டி வந்த பையனின் வயதையும் ஒருமுறை கேட்டால் என்ன?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். இவ்வயதில்தான் அவர்கள் பெரியவளாகிறார்கள். பள்ளி திறந்திருந்தால் சில நாளில் சீருடை அணிந்து திரும்பிவிடுவார்கள். பள்ளி மூடியிருந்தால் வீட்டுக்குள் சென்றவர்கள் வெளியே வர ஒரு காரணமும் இராது. போனும் அவர்கள் கைக்குக் கொடுக்கப்படுவதில்லை. அடுத்து யாராவது ஒரு சொந்தக்காரர் வரன் கொண்டுவருவார். ஆதலின் பெண் பிள்ளைகள் கூடிப் படிக்கும் இடம் ஒரு பெண்ணின் பொறுப்பில், அவர்கள் தெருவிலேயே இருக்க வேண்டும். மேலாண்மைக் குழுவில் தாய்மார்கள் இருப்பது இதற்காகத்தான். கையொப்பம் இடுவதற்கு மட்டுமன்று.

நாம் செய்ய வேண்டுவது

இவையெல்லாம் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் தங்கள் பங்கைத் தந்தார்கள். 1958 முதல் பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நாற்காலியும் கடிகாரமும் கட்டடமும்கூட ஊரார் கொடுத்தவையே. உங்களுள் சிலருடைய பாட்டனார் பெயர் இன்றும் பள்ளிச் சுவர்க் கல்லில் இருக்கக் காண்கிறோம். இப்போது நான் கேட்பது கல்லும் சுண்ணாம்பும் அல்ல. ஓர் இடம், ஒரு சாவி, ஓர் ஆள்.

ஒவ்வொரு குடியிருப்பிலும் பள்ளியல்லாத ஓர் இடத்தை இப்போதே குறித்துவைக்க வேண்டும். சமுதாயக் கூடமோ, ஊர்ப்புற நூலகமோ, கோயில் மண்டபமோ எதுவாயினும் சரி. எல்லாச் சாதிப் பிள்ளையும் தயங்காமல் ஏறக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அது எவ்வளவு அழகிய மண்டபமாயினும் வேண்டா. வெள்ளம் வந்தால் நீர் ஏறாத மேடாகவும் இருந்தால் நலம். சாவி யாரிடம் உள்ளது, அவர் ஊரில் இல்லாதபோது யாரிடம் இருக்கும் என்றும் எழுதிவைக்க வேண்டும். இதை அற்பம் என்று எண்ணாதீர்கள். எத்தனையோ நல்ல காரியங்கள் சாவியில்லாமல் நின்றுபோனதை இருபது ஆண்டு உத்தியோகத்தில் கண்டிருக்கிறேன்.

அடுத்து, ஆள். பாடம் நடத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு, வராதவன் வீட்டுக்குப் போய்க் கேட்பவர் போதும். பால் சங்கச் செயலாளர் எட்டாம் வகுப்புத் தேறியவர்தான். பாடத்தை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். ஆளில்லாத இடத்துக்கு ஆசிரியர் அனுப்பும் பாடம் விலாசமில்லாத கடிதம் போன்றது.

மூன்றாவது, கணக்கு. இம்முறை போன் கணக்கு வேண்டா. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி மூடியிருக்கும் பகலில் எங்கே இருக்கும், யாருடன் இருக்கும், வீட்டில் பெரியவர் யார் இருப்பர் என்பதே கணக்கு. மாடில்லாத வீடு, தாய் தந்தை வெளியூரில் செங்கல் சூளைக்குப் போன வீடு, பாட்டி மட்டும் இருக்கும் வீடு ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அந்தப் பெயர்களைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டா. அது பிள்ளைக்கு அவமானம். இடமும் ஆளும் எவை என்பதை மட்டும் சபையில் சொல்லித் தீர்மானம் எழுதலாம். பெயர்ப் பட்டியல் தலைமையாசிரியரிடமும் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிடமும் இருந்தால் போதும்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது; அதில் இதை எடுத்துக்கொள்வது வசதியாக இருக்கும். அக்டோபர் 2 வரை தள்ளினால் வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும்.

படிவங்கள் வாசலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. ஊராட்சிக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மூன்றாம் கலத்தை நிரப்பும்போது தலைமையாசிரியரையும் மேலாண்மைக் குழுத் தலைவியையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கலம் ஒன்று அச்சில் இல்லை. நானே கையால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். நம் ஒன்றியத்துச் சமுதாயக் கூடங்களுள் எவற்றில் சிமெண்ட் மூட்டைகளோ வேறு அலுவலகச் சாமான்களோ அடைத்துக் கிடக்கின்றன என்பதை அதில் எழுதுங்கள். இந்த மாத முடிவுக்குள் அவற்றை எடுத்துவிடுகிறேன்.